திடலில் பெயர் இருக்கட்டும். ஏழையின் வாசலில் வேண்டாம்

ஈகை, இறைநம்பிக்கையின் சான்று. தொழுகையை நிலைநாட்டுமாறு பணிக்கும் அருள்மறை திருக்குர்ஆன், பல இடங்களில் அதனுடன் இணைத்தே ஜகாத்தையும் வலியுறுத்துகிறது. இறைவனுக்குச் செலுத்தும் கடமையும் எளியோர்க்குச் செலுத்தும் கடமையும் பிரிக்கவொண்ணாதவை என்பதே இதன் பொருள். எனவேதான் முஸ்லிம்கள் வாழும் ஊர் எதுவாயினும் அங்கே கொடுக்கும் கை ஒன்றேனும் இருக்கும் என்பது நெடுங்கால மரபாக நிலைத்துவிட்டது.

அந்தக் கொடுக்கும் கை இன்று உருமாறியிருக்கிறது. முன்னாளில் ஈந்தவர் தனி மனிதர். தம் பையிலிருந்து எடுத்தார். தம் கையாலேயே கொடுத்தார். இன்று ஈவது பெரும்பாலும் ஒரு நிறுவனம். துணிக்கடை, நகைக்கடை, தோல் தொழிற்சாலை, உணவகம், கட்டுமான நிறுவனம் என்று ஊருக்கு ஊர் அதன் வடிவம் வேறுபடும். பெருநாள் விடுமுறையில் கால்பந்துப் போட்டி நடந்தால் ஆட்டக்காரரின் சட்டையில் அந்நிறுவனத்தின் பெயர். பரிசுக் கோப்பையில் அதன் பெயர். திடலைச் சுற்றிய பதாகைகளில் அதன் பெயர். அதே நிறுவனம் ரமலான் மாதத்தில் ஏழைகட்கு அரிசி வழங்கினால் அந்த மூட்டையின் மேலும் அதே பெயர்! மூட்டையைப் பெற்றுக்கொள்ளும் விதவைத் தாயின் முகம், பெயர் பொறித்த பதாகையின் கீழே நிழற்படமாகிறது.

இது அறமா, விளம்பரமா? இவ்வினாவுக்கு நம்மிடையே இருவகை விடைகள் வழங்குகின்றன. பெயர் போட்டுக் கொடுப்பதெல்லாம் முகத்துதியே, ஆதலின் கூடாதென்பர் சிலர். எப்படிக் கொடுத்தால் என்ன, கொடுத்தால் போதாதா என்பர் வேறு சிலர். இரண்டுமே முழு உண்மையாகா. விளையாட்டுத் திடலில் பெயர் இருக்கட்டும். ஏழையின் வாசலில் அந்தப் பெயர் வேண்டாம். மார்க்கத்தின் ஒளியில் நோக்கின் இவ்விரண்டுக்குமிடையே உள்ள வேலி தெளிவாகவே தெரியும்.

மறை காட்டும் வரம்பு

அல்பகரா அத்தியாயத்தின் 271ஆம் வசனம் இப்பொருளில் நமக்கு வழிகாட்டுகிறது. தருமங்களை வெளிப்படையாகச் செய்வதும் நன்றே என்று அது முதலில் ஒப்புக்கொள்கிறது. அடுத்து, அவற்றை மறைத்து ஏழைகட்கு அளிப்பது அதனினும் மேலானது என்று அறிவுறுத்துகிறது. மறைத்துக் கொடுப்பதைக் குறிப்பிடும் இடத்தில்தான் ஏழைகளும் குறிப்பிடப்பெறுகின்றனர் என்பதைக் கூர்ந்து நோக்குக. கொடுப்பவரின் உள்ளத் தூய்மை மட்டுமன்று, பெறுபவரின் மானமும் அங்கே காக்கப்படுகிறது.

வெளிப்படையாகக் கொடுப்பதிலும் நன்மை உண்டென்பதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே சான்று உள்ளது. முழர் குலத்தைச் சேர்ந்த சிலர், உடுக்க நல்லுடையின்றி மதீனாவுக்கு வந்தனர். அவர்களின் வறுமையைக் கண்டு அண்ணலாரின் திருமுகம் மாறிற்று. தோழர்களைத் திரட்டி, இயன்றதைக் கொடுக்குமாறு ஏவினார்கள். அன்சாரி ஒருவர் கை தாங்காத அளவு கனத்த பை ஒன்றை எல்லாருக்கும் முன்பாகக் கொணர்ந்து வைத்தார். அவரைக் கண்டு மற்றவரும் தொடர்ந்தனர்; உணவும் உடையும் இரு குவியல்களாக உயர்ந்தன. அண்ணலாரின் முகம் பொன்னெனப் பொலிந்தது. நல்ல வழியொன்றைத் தொடங்கி வைப்பவருக்கு அவர் செய்த செயலின் கூலியும், அவரைப் பின்பற்றிச் செய்வோர் பெறும் கூலிக்கு நிகரானதும் கிடைக்கும் என்று அப்போதே அவர்கள் அருளினார்கள். ஸஹீஹ் முஸ்லிம் நூலில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

ஆக, பிறரைத் தூண்டுகின்ற கொடை வெளிச்சத்தில் நிகழலாம். ஆனால் அன்று அந்த அன்சாரியின் பெயர் கூட அந்த அறிவிப்பில் இடம்பெறவில்லை என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. செயல் தெரிந்தது, செய்தவர் பெயர் தெரியவில்லை.

ஆடுகளத்துக்கு ஆதரவு

இளைஞரின் விளையாட்டுக்குப் பொருளுதவி புரிவது வீண் செலவு என்று கருதும் பெரியவர்கள் இன்னமும் உளர். வலிவுள்ள இறைநம்பிக்கையாளர் வலிவற்றவரினும் சிறந்தவர், எனினும் இருவரிடமும் நன்மை உண்டு என்று நவின்றவர் நம் நாயகம் (ஸல்) அவர்களே. பயிற்சி பெற்ற குதிரைகளை ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓடச்செய்து அவர்கள் பந்தயம் நடத்தினார்கள். அஸ்லம் குலத்து இளைஞர்கள் அம்பெய்து போட்டியிட்டபோது, ஒரு தரப்புடன் தாம் இருப்பதாகக் கூறினார்கள். மறுதரப்பினர் கை ஓய்ந்து நின்றனர். உடனே, நான் உங்கள் அனைவருடனும் இருக்கிறேன், எய்யுங்கள் என்று ஊக்கமூட்டினார்கள். இரு தரப்பாருக்கும் பொதுவாக நின்று ஊக்குவிக்கும் புரவலருக்கு இதனினும் சிறந்த முன்மாதிரி வேண்டுமோ?

பரிசுப் பொருள் பற்றி நம் சட்ட அறிஞர்கள் வகுத்த நெறி, இன்றைய ஊர்ப் போட்டிகளுக்கு மிகவும் தேவையானது. எந்தெந்த ஆட்டத்திற்குப் பரிசு கூடும் என்பதில் இமாம்களிடையே கருத்து வேற்றுமை உண்டு. ஆயினும் போட்டியிடுவோர் அனைவரும் பணம் கட்டி, வென்றவர் அதனை எடுத்துச் செல்லும் முறையைச் சூதின் சாயல் என்றே பெரும்பாலோர் விலக்கினர். போட்டியில் சேராத மூன்றாமவர் தம் பொருளிலிருந்து பரிசு வழங்குவதையோ, அது கூடும் ஆட்டங்களில் ஏற்றுக்கொண்டனர். நம் ஊர்களில் பல போட்டிகள் அணிகளிடம் நுழைவுக் கட்டணம் பெற்று, அதையே பரிசாகத் திருப்பித் தரும் வழக்கத்தில் நடைபெறுகின்றன. ஊர் நிறுவனம் ஒன்று முன்வந்து பரிசுத் தொகையை ஏற்றுக்கொண்டால், அப்போட்டி அந்த மாசிலிருந்து நீங்குகிறது. அந்நிறுவனத்தின் பெயரைக் கோப்பையில் பொறிப்பதால் எவருடைய மானமும் குறைந்துவிடாது. தோற்ற அணிக்கும் அதனால் இழிவில்லை.

ஒரு நிறுவனம், இரு செயல்கள்

விளம்பரத்துக்கும் வளர்ப்புக்கும் உள்ள வேற்றுமையை விளக்கச் சென்னை நிறுவனம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 1946இல் திருவொற்றியூரில் சிறு கொட்டகையொன்றில் பலூன் செய்யும் தொழிலாகத் தொடங்கப்பெற்றது எம்.ஆர்.எஃப். பின்னர் டயர் உற்பத்தியில் பெரும்புகழ் ஈட்டியது. சச்சின் டெண்டுல்கரின் மட்டையில் அதன் பெயர் ஒட்டப்பட்டிருந்ததை அறியாத கிரிக்கெட் அன்பர் இலர். அது வணிகம், கொடுத்த காசுக்குக் கிடைத்த விளம்பரம். அதனை அறமென்று எவரும் அழைப்பதில்லை; அழைக்கத் தேவையுமில்லை.

அதே நிறுவனம் 1987இல் வேகப்பந்து வீச்சாளர்களுக்கான பயிற்சி நிலையம் ஒன்றைச் சென்னையில் நிறுவியது. ஆஸ்திரேலியாவின் டென்னிஸ் லில்லி பயிற்றுநராக வந்தார். வேகப்பந்து வீச்சாளராகும் ஆசையுடன் அங்கு வந்த சிறுவன் டெண்டுல்கரை, மட்டையைப் பற்றிக்கொள் என்று அவர் திருப்பி அனுப்பியது பலரும் அறிந்த செய்தி. அதே நிலையத்தில்தான் ஜாகீர்கான் தேறினார். குஜராத்தின் இகர் என்னும் சிற்றூரில் எளிய குடும்பத்தில் பிறந்த முனாஃப் பட்டேலும் அங்கே பயிற்சி பெற்றார். 2011 ஏப்ரல் 2ஆம் நாள் இந்தியா உலகக் கோப்பையை வென்றபோது இவ்விருவரும் அந்த அணியில் இருந்தனர். அத்தொடரில் ஜாகீர்கான் வீழ்த்திய விக்கெட்டுகள் 21. மட்டையில் ஒட்டிய பெயர், ஆட்டம் முடிந்ததும் உரிந்துவிடும். ஆளை உருவாக்கிய செயல் தலைமுறை தாண்டியும் நிற்கும். நம் ஊர் நிறுவனங்கள் ஒரு நாள் கோப்பைக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியை ஒரு பயிற்றுநரின் ஆண்டுச் சம்பளத்துக்கு ஒதுக்கலாகாதா? ஏழை மாணவன் ஒருவனுக்குக் காலணியும் சத்துணவும் பயணச் செலவும் அளிக்கலாகாதா?

நாட்டின் சட்டமும் இவ்வேற்றுமையை ஏற்றுக்கொள்கிறது. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டையேனும் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என விதித்தது. தாம் தொழில் நடத்தும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தருமாறும் அது பணித்தது. ஊரகப் பகுதி விளையாட்டுகளுக்கான பயிற்சியும் அப்பணிகளின் பட்டியலில் உண்டு. ஆனால் தம் சரக்குக்கு விளம்பரம் தேடும் பொருட்டு அளிக்கும் ஆதரவு இக்கணக்கில் சேராது என்று 2021ஆம் ஆண்டின் விதித்திருத்தம் தெளிவுறுத்தியது. அரசின் கணக்காயரே விளம்பரத்தை அறமென ஏற்காதபோது, உள்ளங்களை அறிந்தவனிடம் அதனை ஸதகாவென்று சொல்லத் துணியலாமோ?

ஏழையின் முகம் விளம்பரப் பலகையன்று

இனி, வேலியின் மறுபுறத்தைக் காண்போம். அரிசி, தையல் எந்திரம், சக்கர நாற்காலி, மருத்துவச் செலவு, குமருக்குக் கல்யாண உதவி ஆகியவை விளையாட்டுக் கோப்பைகள் அல்ல. இவற்றைப் பெறுபவர் வெற்றி பெற்று மேடையேறியவரல்லர். இல்லாமையால் வந்து நிற்பவர். அவருடைய நிழற்படத்தை நாளிதழிலும் கைப்பேசியிலும் பரப்புவது, அவர் வறுமையை விலைக்கு வாங்குவதற்கு ஒப்பாகும். அவர் மகள் நாளை பள்ளிக்குச் செல்வாள். உடன் பயிலும் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்திருப்பர். இந்த வடுவுக்கு எத்தனை மூட்டை அரிசி ஈடாகும்?

சொல்லிக் காட்டியும் மனம் புண்படுத்தியும் தருமங்களைப் பாழாக்காதீர் என்று அல்பகராவின் 264ஆம் வசனம் எச்சரிக்கிறது. மக்கள் காணவேண்டுமென்று செலவிடுபவனை, மேலே சிறிது மண் படிந்த வழுக்குப் பாறைக்கு அது ஒப்பிடுகிறது. பெருமழை பெய்தால் மண் கரைந்துவிடும்; பாறையில் விளைவதற்கு ஒன்றும் எஞ்சாது. மறுமையில் முதலில் விசாரிக்கப்படும் மூவருள் ஒருவர், கொடையாளி என்று பெயரெடுக்கக் கொடுத்த செல்வர் என்பதும், அந்தப் பெயர்தான் உலகிலேயே கிடைத்துவிட்டதே என்று அவர் கைவிடப்படுவார் என்பதும் நபிமொழி. நெஞ்சை நடுங்கவைக்கும் எச்சரிக்கை அன்றோ இது!

நாயகத்தின் வழித்தோன்றலான இமாம் ஜைனுல் ஆபிதீன் (ரலி) அவர்களின் வரலாறு நினைவுகூரத் தக்கது. மதீனாவின் ஏழை வீடுகள் பலவற்றில், யார் கொணர்ந்ததென்று தெரியாமலேயே இரவில் உணவு வந்து சேரும். இமாம் அவர்கள் மறைந்ததும் அந்த உணவு நின்றது. உடலைக் குளிப்பாட்டியவர்கள் முதுகில் மூட்டை சுமந்த தழும்புகளைக் கண்டனர். அதன் பின்னரே ஊருக்கு உண்மை புலனாயிற்று. அந்த மூட்டைகளின் மேல் எந்தப் பெயரும் எழுதப்பட்டிருக்கவில்லை.

எந்தப் பணம்?

ஆதரவு தரும் கரம் எதுவென்பதைப் போலவே, அக்கரத்தில் உள்ள பொருள் எத்தகையதென்பதும் முதன்மையான கேள்வி. அல்லாஹ் தூயவன், தூயதையன்றி அவன் ஏற்பதில்லை என்பது ஸஹீஹ் முஸ்லிமில் காணும் நபிமொழி. தீங்கு விளைக்கும் வணிகங்கள் நற்பெயர் தேடி விளையாட்டுத் திடலை நாடுவது உலகெங்கும் காணும் வழக்கம். 1996ஆம் ஆண்டின் கிரிக்கெட் உலகக் கோப்பை ஒரு சிகரெட்டின் பெயரையே தாங்கி நின்றது. புகையிலை நிறுவனங்களின் இத்தகைய ஆதரவை 2003ஆம் ஆண்டின் சட்டம் தடுத்தது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் இயற்றப்பெற்ற மத்தியச் சட்டம் விலக்கியதும், இந்திய கிரிக்கெட் அணியின் சட்டையிலிருந்து ட்ரீம் 11 நிறுவனத்தின் பெயர் நீங்கியது. மதுவிலும் சூதிலும் உள்ள பயனைவிடப் பாவமே பெரிதென்று 14 நூற்றாண்டுகளுக்கு முன்பே மறை அறிவித்துவிட்டது. தென்னாப்பிரிக்க வீரர் ஹாஷிம் ஆம்லா, தம் அணிக்கு ஆதரவளித்த மது நிறுவனத்தின் அடையாளத்தைத் தம் சட்டையில் அணிய மறுத்து நின்றார். ஒரு வீரருக்கு இருந்த அந்த உறுதி, ஒரு விளையாட்டுக் கழகத்துக்கு இருத்தல் கூடாதா? வட்டிக்கடையின் பெயரைத் தாங்கிய கோப்பையை ஜமாஅத் தலைவர் கையால் வழங்குவது எவ்வகையில் பொருந்தும்?

ஹலாலான தொழிலாயினும் ஒரு வினா எஞ்சி நிற்கிறது. தொழிலாளியின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நாயகவாக்கு. கூலியை நிலுவையில் வைத்துக்கொண்டு கோப்பை வழங்குவது, கடனாளி விருந்து வைப்பது போன்றது. வட ஆர்க்காட்டுத் தோல் வணிகர்களின் கொடைச் சிறப்பை நாம் நன்கறிவோம். 1919இல் எழுந்த வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி போன்ற அறிவாலயங்கள் அப்பகுதியின் பெருமை. ஆயினும் அதே வட்டாரத்தில் பாலாறு தோல் கழிவினால் மாசுற்றதும் வரலாறே. மாசு செய்தவரே அதற்கு ஈடு செய்தல் வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரியிலும் அதே பாலாற்றைக் குறித்து அந்நீதிமன்றம் மீண்டும் ஆணைகள் பிறப்பிக்க வேண்டியதாயிற்று. பிறருக்குத் தீங்கிழைத்தல் ஆகாது என்பது நம் மார்க்கச் சட்டத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. கிணற்று நீர் கெட்ட ஊரில் கட்டும் விளையாட்டரங்கு, அக்கிணற்றைத் தூய்மையாக்கிவிடாது. முதலில் தீர்க்க வேண்டியது கடன், பிறகே கொடை.

மூன்று கணக்குகள்

வணிகப் பெருமக்கள் தம் ஏடுகளில் மூன்று தனித்தனிக் கணக்குகளை வைத்துக்கொண்டால் குழப்பம் பெரும்பாலும் நீங்கிவிடும்.

முதலாவது, விளம்பரம். சட்டையில் பெயர், திடலில் பதாகை, மலரில் ஒரு பக்கம் ஆகியவற்றுக்கான செலவு இதில் அடங்கும். இது ஆகுமான வணிகச் செலவு. இதிலும் நல்ல நிய்யத் இருப்பின் நன்மை கிடைக்கலாம்; ஆனால் பெயரளவில் இது விளம்பரமே.

இரண்டாவது, ஸதகா. இங்கே நிறுவனங்களுக்கென ஒரு நுட்பம் உண்டு. கூட்டு வாணிபத்தின் முதல் பலருக்கும் உரியது. பங்காளிகளின் இசைவின்றி அதிலிருந்து தருமம் செய்ய நிர்வாகிக்கு உரிமையில்லை. இசைவு பெற்றுக் கொடுக்கட்டும். அல்லது தம் பங்கு இலாபத்திலிருந்து தனியே கொடுக்கட்டும். பிறர் பணத்தில் தம் பெயரைப் பொறித்துக்கொள்வது ஈகையாகாது.

மூன்றாவது, ஜகாத். இது நாம் விரும்பியவருக்கு விரும்பியபடி அளிக்கும் அன்பளிப்பன்று. அத்தவ்பா அத்தியாயத்தின் 60ஆம் வசனம் வரையறுத்த எட்டு வகையினருக்கு உரிய சொத்து. கால்பந்துக் கழகமும் பரிசுக் கோப்பையும் அந்த எட்டில் இல்லை. வணிகச் சரக்கிலும் ரொக்கத்திலும் இரண்டரை விழுக்காட்டைக் கணக்கிட்டு உரியவரிடம் சேர்க்காமல், போட்டிக்குக் கொடுத்த தொகையை அதில் கழித்துக்கொள்வது ஏழையின் பங்கை ஆட்டக்காரருக்குக் கொடுப்பதாகும். ஏழை தன் உரிமையையே பெறுகிறார் எனில், அவர் எதற்காகப் பதாகையின் கீழே நின்று நன்றி சொல்ல வேண்டும்?

பெறுவோர்க்கும் பொறுப்புண்டு. மனிதருக்கு நன்றி செலுத்தாதவர் அல்லாஹ்வுக்கும் நன்றி செலுத்தாதவரே என்பது நபிமொழியாதலின், கழகங்களும் ஜமாஅத்துகளும் உதவியவரை வாழ்த்துவதும் அவருக்காக துஆச் செய்வதும் கடமை. வாழ்த்து, முகப்புகழ்ச்சியாக மாறிவிடலாகாது. இறைவனின் இல்லத்து மதிலில் எந்தக் கடையின் பதாகையும் தொங்கலாகாது. ஏழைப் பட்டியலை ஜமாஅத்தே தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு, நிறுவனம் அளிக்கும் பொருளைப் பெயரின்றி வீடுகளில் சேர்ப்பிக்கும் முறை நம் மஹல்லாக்கள் எங்கும் பரவ வேண்டும். தன் பணியாளரையே அனுப்பிப் படமெடுக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கும் உதவியை, பணிவுடன் மறுக்கவும் நமக்குத் துணிவு வேண்டும்.

கொடையாளியின் பெயர் மறைந்துபோகுமே என்று அஞ்ச வேண்டியதில்லை. கீழக்கரையில் கடல் வணிகம் புரிந்த வள்ளல் சீதக்காதியே உமறுப் புலவரைச் சீறாப்புராணம் பாடத் தூண்டினார் என்பது நம் மரபு. அவருக்குப் பின் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயரின் ஆதரவில் அக்காப்பியம் உருப்பெற்றது. புரவலர் அபுல்காசிமைப் புலவர் காப்பியத்தினுள்ளேயே நன்றியுடன் பாடினார். சீதக்காதியையோ, செத்தும் கொடுத்தவர் என்று தமிழ் மக்கள் அனைவரும் தம் பழமொழியிலேயே பாடிவிட்டனர். பதாகை எழுதி அவர் அந்தப் பெயரைத் தேடிக்கொள்ளவில்லை.

நம் ஊர்களின் நிறுவனங்கள் இன்னும் பெருகட்டும். அவற்றின் ஆதரவில் நம் பிள்ளைகள் திடல்களில் ஓடியாடி வலுப்பெறட்டும். கோப்பைகளில் அவற்றின் பெயர் மின்னட்டும். வறியவர் வீட்டுக் கதவை மட்டும், பெயரில்லாத கை ஒன்று இரவில் தட்டட்டும். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாத அந்த நன்மக்களின் கூட்டத்தில், நிழலேதுமற்ற அந்நாளில் தன் அர்ஷின் நிழலைப் பெறுவோராக, வல்ல நாயன் நம்மையும் நம் வணிகப் பெருமக்களையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.